மெங் ஆயி வீட்டுச் சாவி

திரையில் மெங் ஆயியின் முகம் வந்தபோது நான் கைப்பைக்குள் காணிக்கைக் கவரைத் தேடிக்கொண்டிருந்தேன். கவர் கிடைத்தது, கையோடு சாவியும் வந்தது, நிமிர்ந்தால் அவர். ஒன்பது வருஷம் கழித்து, எங்கள் ஊர்க் கோயிலில், ஆர்ச்சில் எழுதியிருக்கும் வசனத்தை மறைத்துத் தொங்கவிட்ட வெள்ளைத் துணியில், இரண்டு ஆள் உயரத்துக்கு. தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சீருடைப் பெண்கள் தோளைப் பிடித்திருக்கிறார்கள். பிடிக்க வேண்டிய தோளே இல்லை அது, முட்டிவலிக்காரி, எங்கே ஓடப் போகிறார். எங்கள் சபைப் போதகரான ஐயர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சபையாருக்குத் தெரியும், இன்னைக்குக் கள்ளப் போதகத்தைக் குறிச்ச எச்சரிப்பின் ஞாயிறு. இந்தம்மா சீன தேசத்துல அழுகைக் கூட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தலைவி. பதிவு இல்லாத கூட்டம். நெட்ல இருந்து எடுத்தேன். கீழ சீனத்துல ஏதோ எழுதியிருக்கு, நமக்குக் கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்றார். சபை சிரித்தது. "பிரசங்கம் முடிஞ்சதும் நம்ம டாக்டர் கெத்சியாள் மேல வந்து அதை வாசிச்சுத் தமிழ்ல சொல்லி, தன் சாட்சியையும் சொல்லுவாங்க." அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் வாசித்து முடித்திருந்தேன். எழுத்துத் தெரிந்த கண் நம்மைக் கேட்டுவிட்டா வாசிக்கிறது. இரண்டே வரி. குற்றவாளி மெங், வயது அறுபத்திரண்டு, ஏழு பேரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவள். சாவி தன்னிடம் இல்லை, வெளிநாட்டு மாணவி ஒருத்தியிடம் இருந்தது என்று தீர்ப்பு நாள்வரை பொய் சொன்னாள். அந்த வெளிநாட்டு மாணவி நான்தான். அந்தச் சாவிதான் இப்போது காணிக்கைக் கவருக்கு அடியில் என் விரலைக் குத்துகிறது.

ஐயரின் பிரசங்கம் இருபத்தைந்து நிமிஷம். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, அடுப்பில் கறியை வேக வைத்துவிட்டு வந்தவர்களின் சபை இது என்று அவருக்கும் தெரியும். எப்போதும் மூன்று தலைப்பு. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும், அதற்காகவே சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார் போல. இன்றைக்கு அழைப்பார்கள், அடைப்பார்கள், அழிப்பார்கள். மூன்றையும் முடித்ததும் என் பெயரைக் கூப்பிடுவார், நான் போய் அந்த இரண்டு வரியை வாசிக்க வேண்டும். இங்கே இருக்கிற முந்நூறு பேரில் சீனம் தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். இவள் பெரிய மோசக்காரி என்று எழுதியிருக்கிறது என்றால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடுவார்கள், யாரும் சரிதானா என்று பார்க்கப் போவதில்லை. ஐந்து சபைகளில் சொன்ன பொய்தானே, ஆறாவதாக இங்கே இன்னொரு தடவை, அதில் என்ன வந்தது. பிறகு எதற்கு இப்படி வேர்க்கிறது. ஃபேன் நேர் மேலேதான் ஓடுகிறது. பக்கத்தில் அம்மா முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள். "என்னட்டி, மேலுக்குச் சொகமில்லையா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "தண்ணி குடிச்சிக்கோ. தைரியமாச் சொல்லு. போன தடவ கன்வென்ஷன்ல நீ சொல்லும்போது கமலத்தக்கா ஏங்கி ஏங்கி அழுதா." அம்மாவுக்கு என் சாட்சி ரொம்பப் பிடிக்கும். எம்பிபிஎஸ் சர்டிஃபிகேட்டைவிட அதைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசியிருக்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு வந்தோமா என்று கோயில் கேட்வரை வந்து என்னைத் திரும்ப அனுப்பிப் பார்க்கச் சொன்னாள் இன்றைக்கும். பூட்டித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பூட்டாமல் விட்ட சரித்திரமே கிடையாது.

"முதலாவது, அழைப்பார்கள். தேன் ஒழுகப் பேசி அழைப்பார்கள்" என்கிறார் ஐயர். ஷியூலானுக்குத் தேன் ஒழுகப் பேசவே வராது. சீனாவில் நான் படித்த மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல் கேண்டீனில் நூடுல்ஸ் கவுண்டரில் நின்றவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எண்ணெய் பட்டுப் பட்டுக் கை முழுக்கப் புள்ளி. நான்காம் வருஷம் நவம்பரில் அப்பா இறந்துபோனார். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த என் பாஸ்போர்ட் போலீஸ் அலுவலகத்தில் கிடந்தது, பத்து நாள் ஆகும் என்றார்கள், அழுதாலும் பத்து நாள், அழாவிட்டாலும் பத்து நாள். நான் அழவில்லை. அடக்கத்தை போனில் பார்த்தேன், சித்தப்பா மகன் பிடித்துக் காட்டினான், கை ஆடியது, பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது. பெட்டியை மூடும்போது "பாத்துக்கோ கெத்சியா, அப்பா மொகத்தப் பாத்துக்கோ" என்று யாரோ சொன்னார்கள், சரியாக அந்த நேரம் நெட் நின்றது. மறுபடி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. போனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மக முகத்துல ஒரு பொட்டுக் கண்ணீர் இல்ல பாரேன் என்றது. யார் குரல் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இந்தக் கோயிலுக்குள்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் அந்தக் குரல். ஏழு நாள் வகுப்புக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். எட்டாம் நாள் ஷியூலான் கிண்ணத்தில் இரண்டு முட்டையைப் போட்டுவிட்டு, அப்பா செத்துப்போனாராமே, அழுதாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் கரண்டியைத் துடைத்தாள். "எங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. அங்கே அழலாம்" என்றாள். அவ்வளவுதான் அழைப்பு. தேனும் இல்லை, பாலும் இல்லை, இரண்டு முட்டை.

அவர்களுக்குப் பெயர் கிடையாது. அழுகைக் கூட்டம் என்பது வெளியே இருப்பவர்கள் வைத்தது. கூட்டத்துக்குப் பெயர் வைத்தால் அப்புறம் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டு இருக்க வேண்டும் என்பார் மெங் ஆயி. ஆயி என்றால் அங்கே அத்தை, சித்தி மாதிரி, வயதான பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நூல் மில்லில் முப்பது வருஷம் நின்றதில் முட்டி தேய்ந்து ரிடையர் ஆனவர். தலைவியாம். முட்டைக்கோஸ் நறுக்குவதற்கு வேண்டுமானால் தலைவி. புதிதாக ஒருவர் வந்தால் மூன்று நாள் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும், தன் பாவங்களை நினைத்து மனதாரக் கண்ணீர் வர வேண்டும், வந்தால்தான் ரட்சிப்பு. இது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அங்கே பதிவு செய்த சபையின் மூப்பர் ஒருவர் அவர்களைப் பைத்தியங்கள் என்றார். அரசாங்கம் தீய போதனை என்று பட்டியலில் எழுதியது. வெளிநாட்டிலிருந்து ஒரு போதகர் அவர்களை ரத்தசாட்சிகள் என்று எழுதினார், அதே ஊரிலிருந்து இன்னொருவர் குடும்பத்தைக் கெடுக்கிறவர்கள் என்று எழுதினார். எல்லாவற்றையும் தேடித் தேடி வாசித்திருக்கிறேன், ஒன்பது வருஷமாக, நோயாளி இல்லாத மத்தியானங்களில். ஒருவராவது சாவியைப் பற்றி எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள், அது தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு இங்கே தைராய்டு மாத்திரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"இரண்டாவது, அடைப்பார்கள்." ஐயர் தண்ணீர் குடிக்கிறார். எட்டு நிமிஷம் ஆகிவிட்டது. இந்தத் தலைப்பில்தான் என்னைப் பார்ப்பார், பார்த்துவிட்டார், "நம்ம பிள்ளையையே அடைச்சு வச்சாங்களே" என்று கையை நீட்டுகிறார், முந்நூறு தலை திரும்புகிறது, நான் பொம்மை மாதிரி தலையை ஆட்டுகிறேன். ஐந்தாவது மாடி. இரும்புக் கதவு. அந்த ஊரில் பழைய வீடுகளுக்கு ஒரு மாதிரிப் பூட்டு உண்டு, உள்ளே இருந்து பூட்டினாலும் சாவி வேண்டும், திறந்தாலும் சாவி வேண்டும். சாவிக்கு நாலு பக்கமும் பல் இருக்கும், நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சின்னச் சிலுவை. முதல் நாள் நான் உள்ளே போனதும் ஆயி கதவைப் பூட்டினார், ஆகா வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் பூட்டியதும் சாவியை உருவி, பச்சைக் கம்பளி நூலில் கோத்து, என் கழுத்தில் போட்டார். "பயம் யாருக்கோ சாவி அவருக்கு" என்றார். "நாங்கள் தெரிந்து வந்தவர்கள். நீதான் பயந்திருக்கிறாய். யார் வந்தாலும் நீ திற, நீ பூட்டு. நீ போக நினைத்தால் திறந்துகொண்டு போ, யாரிடமும் கேட்க வேண்டாம்." அது அவர்கள் வழக்கம். எப்போதும் புதிதாக வந்தவர் கழுத்தில்தான் சாவி. தொலைந்தால் என்ன செய்வீர்கள், இன்னொரு சாவி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன், அப்பா மகள்தானே நான், எதற்கும் டூப்ளிகேட் வைக்கிற குடும்பம். இன்னொன்று இருந்தால் நீ வைத்திருப்பது சாவியே இல்லையே என்றார். அன்றைக்கு எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இன்றைக்கும் பைத்தியக்காரத்தனம்தான். இந்த உலகத்தில் வேறு எந்த வீட்டில், வேறு எந்தச் சபையில், இருக்கிற ஒரே சாவியை முன்பின் தெரியாத ஒருத்தியின் கழுத்தில் கட்டுவார்கள். எங்கள் கோயில் வெஸ்ட்ரி அறைச் சாவியே ஐயரிடம் ஒன்று, செக்ரட்டரியிடம் ஒன்று, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் ஒன்று.

இரண்டாம் நாள் ஜெபத்தில் அழுகை வரவில்லை. மத்தியானம் ஆயி பூண்டு உரித்தார். வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மடியில் பேப்பரை விரித்து அப்பா கறிக்குப் பூண்டு உரிப்பார், உரித்த தோலை எல்லாம் பேப்பரோடு மடித்து எழுந்திருக்கும்போது பாதி வேட்டியில் ஒட்டியிருக்கும், அதோடு கோயிலுக்கு வருவார், அம்மா வழி நெடுகத் தட்டிவிட்டுக்கொண்டே வருவாள். அழுதேன். விக்கல் எடுக்கும்வரை அழுதேன். பாவத்தை நினைத்தெல்லாம் இல்லை. ஆயி பக்கத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டு மீதிப் பூண்டை உரித்தார், ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதே வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் இருந்தாள், அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. வேறு ஊரிலிருந்து வந்த கண்ணாடிக்காரர் ஒருவர் அவளை இன்னும் மூன்று நாள் இருக்கச் சொன்னார். அவள் போர்வைக்கு அடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டாள், கன்றிப்போயிருந்தது, நான் பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் ஒன்றும் தேவதூதர்கள் இல்லை. அந்தப் பெண் முகம் ஞாபகம் வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல வரும். மூன்றாம் நாள் காலையில் நானே ஆயியிடம் போய், அப்பா மோட்சத்தில் இருப்பார்தானே என்று கேட்டேன். ஒரு ஆமாவுக்காகத்தான் கேட்டேன். "அவர் அழுதிருக்கிறாரா?" என்றார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. "அப்படியானால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்" என்றார். முப்பது வருஷம் கோயில் கமிட்டியில் இருந்த மனுஷனைப் பற்றி. சொல்வது முட்டைக்கோஸ் நறுக்குகிறவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய்ச் சாவியைப் போட்டுத் திருகிக் கதவைத் திறந்தேன். மாடிப்படியில் இருந்து குளிர்காற்று வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். போகவில்லை. உள்ளே வந்து பூட்டிவிட்டு என் இடத்திலேயே உட்கார்ந்தேன். இதை மட்டும் எந்தச் சாட்சியிலும் நான் சொன்னதில்லை. அடைத்து வைக்கப்பட்டவள் கதவைத் திறந்து காற்று வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள் என்றால் கமலத்தக்கா எதற்கு அழுவாள்.

பதினைந்து நிமிஷம். ஐயர் இன்னும் அடைப்பதிலேயே இருக்கிறார், மாத்திரை கலந்து கொடுப்பார்களாம், காலை ஒடிப்பார்களாம், நெட்டில் இருக்கிறதாம். அந்த மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஆயியின் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. கீழே காய்கறிக் கடைக்காரி கொடுக்கிற சைகை, தெருவில் ஆள் நடமாட்டம். ஆயி என் கோட்டை எடுத்துத் தந்தார். "வெளிநாட்டுப் பிள்ளை, உனக்குத்தான் வம்பு அதிகம், நீ முதலில் போ. நாங்கள் ஐந்து ஐந்து நிமிஷம் விட்டு ஒவ்வொருவராக வருகிறோம்." திறந்தேன். வெளியே வந்தேன். சாத்தினேன். பூட்டினேன். மூன்று நாளாக அதுதானே எனக்கு வேலை, யார் வந்தாலும் திற, பூட்டு. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷமாக அம்மாவின் குரல், ஏட்டி, கதவப் பூட்டிட்டு வா. ஒரு தடவை இழுத்துக்கூடப் பார்த்தேன், பூட்டியிருக்கிறதா என்று. அதுதான். அந்த இழுப்பு. சாவி நாலு பல்லோடும் சுற்றி நின்ற சத்தத்துக்குப் பிறகு கை தானாகக் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தது, திருப்தியாக இருந்தது. உள்ளே எட்டுப் பேர், ஆயியோடு சேர்த்து. தட்டியிருப்பார்களா? பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களா? சத்தம் போட்டால் கீழே கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்வெட்டருக்குள் சாவி நெஞ்சில் பட்டது. ஐயோ, கொடுக்காமல் வந்துவிட்டோமே, நாளைக்கு ஷியூலானிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொடுக்காமல் வந்ததைத்தான் நினைத்தேன். பூட்டிவிட்டு வந்தது தலையில் ஏறவே இல்லை.

மறுநாள் கேண்டீனில் ஷியூலான் இல்லை. அதற்கு மறுநாள் ராபின்சன் அண்ணன் வந்தார், எங்களை எல்லாம் அங்கே சேர்த்துவிட்ட ஏஜெண்ட், மார்த்தாண்டத்துக்காரர். "மக்ளே, நீ மூணு நாளு எங்க போயிருந்தன்னு காலேஜுல கேக்கியாவ. அந்த வீட்டுல ஏழு பேர வச்சுப் பூட்டியிருந்தாவளாம். உள்ள ஒரு சாவி கெடையாதாம். பூட்ட அறுத்துல்லா வெளிய கொண்டுவந்தாவ" என்றார். அப்போதுதான் தலையில் ஏறியது. சாவி அந்த நேரமும் ஸ்வெட்டருக்குள்தான் இருந்தது, நான் மேலே இன்னொரு ஷால் போட்டுக்கொண்டேன். "ஒண்ணும் யோசிக்காண்டாம். அவிய கேக்கியதுக்கு ஆமா, இல்ல, இம்புட்டுதான். இல்லேன்னா டிகிரியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, நாளைக்கே பிளைட்டுல ஏத்திருவான்." என்னை விசாரிக்க உட்காரவைத்த அறையில் இருந்த அதிகாரி ரொம்ப மரியாதையானவர், கண்ணாடித் தம்ளரில் தேநீர் வைத்தார். மூன்று நாள் அங்கே இருந்தாயா. ஆமாம். கதவு பூட்டியிருந்ததா. ஆமாம். இரண்டும் உண்மை, பார், இதுவரை நான் பொய் சொல்லவில்லை என்று எனக்குள் ஒருத்தி குதித்தாள். சாவி உன்னிடம் இருந்தது என்று மெங் சொல்கிறாளே. ராபின்சன் அண்ணன் இருமினார். நான் தேநீரைப் பார்த்தேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன் என்ற அந்தக் குரல் காதில் வந்தது, அப்பாவைப் பற்றி ஒரு ஆமா சொல்ல வாய் வராத பொம்பளை. இல்லை என்றேன். பயத்தில் சொன்னேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். முழுக்கப் பயம் இல்லை. பாதிதான் பயம். மீதி ஆத்திரம். எட்டு மாதம் கழித்து ஷியூலானிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது. ஆயிக்கு நாலு வருஷம். உன்மேல் கோபம் இல்லையாம். சாவி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார், வேறு சாவி கிடையாதாம். அறுத்துப்போட்ட பூட்டுக்குச் சாவி எதற்கு என்று அவருக்கும் தெரியாதா. இருந்தும் கேட்டிருக்கிறார். பதில் டைப் அடித்தேன், அழித்தேன், அடித்தேன், அழித்தேன். ஒரு வாரம் கழித்துத் துணிந்து அனுப்பினால் அந்த எண் இல்லை.

"கடைசியாக, அழிப்பார்கள்." இன்னும் ஐந்து நிமிஷம். ஊருக்கு வந்ததும் அம்மா கேட்டாள், மூணு நாளு போன எடுக்கலையே எங்கட்டி போன என்று. அடைச்சு வச்சிருந்தாங்கம்மா என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அம்மா அதை ஐயரிடம் சொன்னாள், ஐயர் கமிட்டியில் சொன்னார், கமிட்டி கன்வென்ஷனில் ஏற்றியது. மூன்று நாள் ஒரு நோட்டீஸில் ஐந்து நாள் ஆனது, முட்டைக்கோஸ் பட்டினி ஆனது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் விசுவாசத்துக்காகப் பாடுபட்ட பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள், கல்யாணமும் ஆயிற்று, அவர் வளைகுடாவில் இருந்து போன் பண்ணும்போதும் சில சமயம், நீ பெரிய தைரியசாலி என்பார். போன வருஷம் ஐயரின் தங்கை வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போலீஸ் வந்தது. அனுமதி இல்லாத கூட்டம், கதவைச் சாத்திக்கொண்டு ஆளை மதம் மாற்றுகிறார்கள் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் மனு. இதே மேடையில் நின்று ஐயர் அழுதார். "கதவச் சாத்திட்டு ஜெபம் பண்ணுனா அது குத்தமா சபையே?" என்று கேட்டார். குற்றம் இல்லை என்று எல்லாரும் சத்தமாகச் சொன்னோம். நானும் சொன்னேன், நான்தான் ரொம்பச் சத்தமாகச் சொன்னேன். தனக்கு வந்தால்தான் தலைவலி. அந்த ஐயர்தான் இன்றைக்கு மாத்திரை கொடுப்பார்கள், கால் ஒடிப்பார்கள் என்கிறார். அவர்மேல் கல்லெறிய நான் யார், அவருக்குக் கல்லை எடுத்துக் கொடுத்ததே நான்தான். வாசித்துவிட்டு ஏதாவது சொல்லிச் சமாளி. இல்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் ஏழாவது சபை, எட்டாவது சபை, என் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் இதைக் கதையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். சொன்னால் என்ன ஆகும். அம்மா தலைகுனிந்து வீட்டுக்குப் போக வேண்டும். பதினெட்டு வயதில் விட்டுவிட்டுப் போன மகள், அடக்கத்துக்கும் வராத மகள், இப்போது இதுவும். "டாக்டர் கெத்சியாள்" என்று கூப்பிட்டுவிட்டார். கவரை அம்மா மடியில் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மேடை ஏறியதும் ப்ரொஜெக்டர் வெளிச்சம் என்மேல் விழுந்தது, அந்த இரண்டு வரியும் என் புடவையில் ஓடின. திரும்பிப் பார்த்தேன். கிட்டே நின்று பார்த்தால் ஆயியின் முகம் வெறும் புள்ளிகள்தான். முதலில் சீனத்தில் வாசித்தேன், பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம். பிறகு தமிழில் சொன்னேன், குற்றவாளி மெங், ஏழு பேரை வீட்டில் வைத்துப் பூட்டியவள், சாவி வெளிநாட்டு மாணவி ஒருத்தியிடம் இருந்தது என்று கடைசிவரை பொய் சொன்னாள். ஸ்தோத்திரம் என்றார் யாரோ. "அது பொய் இல்ல" என்றேன். "சாவி என்கிட்டதான் இருந்துச்சு. மூணு நாளும் என் கழுத்துலதான் இருந்துச்சு. இதுதான் அது." தூக்கிக் காட்டினேன். ஐயர் மெதுவாக வந்து சாவியைப் பார்த்தார், அவர் கண் நிறைந்தது, நிஜமாகவே நிறைந்தது, அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதுதான் கொடுமை. என் கையில் இருந்து மைக்கை வாங்கினார். "கேட்டீங்களா சபையே. இத்தனை சாட்சி சொன்ன பிள்ளை இதை மட்டும் தாழ்மையா மறைச்சு வச்சிருந்திருக்கு. சத்துருவோட கோட்டையில, பூட்டுன வீட்டுக்குள்ள, சாவியே நம்ம பிள்ளை கழுத்துக்கு வந்திருக்கு. யார் கொடுத்தா? சொல்லுங்க, யார் கொடுத்தா?" கர்த்தர் என்றார்கள் முந்நூறு பேரும். "அவங்கதான் கொடுத்தாங்க ஐயரே" என்றேன். "நான்தான் வெளிய வந்து பூட்டினேன். அவங்க உள்ள இருந்தாங்க." மைக் அவரிடம் இருந்தது. கீபோர்டு தொடங்கிவிட்டது, எல்லாரும் எழுந்து நின்றார்கள், கமலத்தக்கா முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். ஐயர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வெயிட்டான கை.

இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். சுற்றி எல்லாரும் நின்று பாடினார்கள், அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை, பாட்டுப் புஸ்தகத்தையும் திறக்கவில்லை. முதல் வரிசைக்கு மைக் இல்லாமலும் கேட்கும். என் கையில் இருந்து சாவியை எடுத்தாள். நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பல்லைக் கட்டைவிரலால் தடவினாள், வாழ்நாள் முழுக்கப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்த விரல் அது.

"ஏட்டி" என்றாள், பாட்டுச் சத்தத்துக்கு என் காதோடு சாய்ந்து. "இது ஒண்ணுதானா சாவி?"

"ஒண்ணுதாம்மா."

"வெளிய வந்து நீ பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்."

அம்மா திரையைப் பார்த்தாள். யாரும் இன்னும் அதை அணைக்கவில்லை.

"அப்போ உள்ள இருந்தவிய எப்படிட்டி வெளிய வந்தாவ?"

"வரலம்மா" என்றேன்.